மாற்றுச் சிறுநீரகமும் மனித இருதயமும்

வன்னி நிலத்தின் வரலாறு பெரும்பாலும் நீரின் வரலாறே ஆகும். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, பாவற்குளம் முதலிய பெருங்குளங்களும், காடுகளிடையே கிடக்கும் எண்ணற்ற சிறுகுளங்களும் இந்நிலத்து உழவரைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்துள்ளன. குடிநீருக்கோ மக்கள் கிணறுகளையே நம்பி வாழ்ந்தனர்.

1990ஆம் ஆண்டுகளில், வன்னியின் தென்னெல்லைக்கு அப்பாலுள்ள மதவாச்சி, பதவியா முதலிய ஊர்களில் ஒரு புதுமையான சிறுநீரக நோயை வைத்தியர்கள் கண்டனர். சிறுநீரகம் பழுதடைவதற்கு வழக்கமான காரணங்கள் நீரிழிவும் உயர் குருதியழுத்தமுமாம். இவர்களுக்கோ அவ்விரண்டும் இருக்கவில்லை. வயலிலே வெயிலில் உழைத்த மெலிந்த உடலினரே பெரும்பாலும் நோயுற்றனர். பின்னர் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் இந்நோய் காணப்பட்டது. கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, வேளாண் இரசாயனங்கள், வெப்பத்தால் உடல் நீரிழத்தல் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டன. முடிந்த முடிபாக ஒன்றும் நிலைநாட்டப்படவில்லை. சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தோருக்கு வழிகள் இரண்டே: இயந்திரத்தாற் குருதியைச் சுத்திகரித்தல், அல்லது பிறரது சிறுநீரகத்தைப் பெறுதல்.

இரண்டாவது வழி திறந்த நாள் 1954 டிசம்பர் 23 ஆகும். அன்று அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஜோசப் மறே என்னும் சத்திரசிகிச்சை வல்லுநர், றொனால்ட் ஹெரிக் என்பவரின் சிறுநீரகம் ஒன்றை, அவருடன் ஒரே கருவிற் பிறந்த இரட்டையரான றிச்சார்ட்டுக்குப் பொருத்தினார். றிச்சார்ட் மேலும் எட்டாண்டுகள் வாழ்ந்தார். கொடுத்தவரோ 2010ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். தமிழ்நாட்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1971இல் இச்சிகிச்சையில் வெற்றி கண்டது. இலங்கையில் 1985இல், பேராசிரியர் றிஸ்வி ஷெரீப் முதலியோரின் முயற்சியால் இது தொடங்கிற்று. உடலுறுப்புகளைத் தானஞ் செய்வதற்கான சட்டம் 1987இல் இயற்றப்பட்டது.

இரட்டையர் உடல்கள் ஒன்றையொன்று அந்நியமாகக் கருதுவதில்லை. ஏனையோர் உடலோ, வந்த உறுப்பைப் பகையெனக் கருதித் தாக்கும். இத்தாக்குதலை அடக்க, 1960ஆம் ஆண்டுகளில் அசதியோப்பிரினும் பிரெட்னிசோன் வகை மருந்துகளும் பயன்பட்டன. நோர்வே நாட்டு மண்ணிலிருந்து எடுத்த பூஞ்சணத்திலிருந்து சைக்குளோஸ்போரின் பிறந்தது. கேம்பிரிட்ஜில் றோய் கான் 1978இல் அதனை நோயாளருக்கு முதன்முதல் வழங்கினார். ஜப்பானின் சுக்குபா மலையடி மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து 1984இல் தக்ரோலிமஸ் கண்டறியப்பட்டது. இவற்றால் மாற்றுறுப்புகள் நெடுங்காலம் நிலைக்கலாயின.

ஆனால், உறுப்பைக் காக்கும் அம்மருந்துகளே உடலின் வேறு ஒழுங்குகளைக் குலைக்கின்றன. பிரெட்னிசோலோன் ஈரலிலிருந்து வெளிப்படும் சீனியைக் கூட்டி, இன்சுலினின் ஆற்றலைக் குறைக்கும். தக்ரோலிமஸ் கணையத்தில் இன்சுலின் சுரப்பதையே தளர்த்தும். சைக்குளோஸ்போரின் குருதியழுத்தத்தையும் கொழுப்பையும் உயர்த்தும். நோய்க்காலத்தில் உணவை வெறுத்திருந்தவருக்குப் பசி மீளவும் உடற்பாரம் ஏறும். அன்றியும், சிறுநீரகம் பழுதடைந்து கிடந்த ஆண்டுகளிலேயே குருதிக் குழாய்களிற் சுண்ணாம்புச் சத்துப் படிந்து அவை விறைத்திருக்கும். மாற்றுச் சிறுநீரகம் அப்பழைய கேட்டை முற்றாக நீக்குவதில்லை.

ஆகவே, வாழ்நாளிற் சீனி வருத்தமே அறியாத வன்னி உழவர் ஒருவர், சிறுநீரகம் பெற்றபின் அந்நோய்க்கு ஆளாகக்கூடும். மாற்றுச் சிறுநீரகம் நன்கு இயங்கும்போதே உயிர் துறப்போரிடை, இருதய நோயே தலையாய காரணங்களுள் ஒன்றாக உலகெங்கும் காணப்படுகின்றது. சிறுநீரகத்தின் வெற்றியை மட்டுமே அளந்து வந்த வைத்தியம், நோயாளரின் இருதயத்தையும் உடன் நோக்கக் கற்றது இவ்வாறே. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஐரோப்பாவிலும் கனடாவிலும் 2102 நோயாளரை ஐந்தாண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து நோக்கியது. கொழுப்பைக் குறைக்கும் புளுவாஸ்டாட்டின் பெற்றோரிடை, இருதயத்தால் நேர்ந்த மரணமும் உயிர் போக்காத மாரடைப்பும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

சிகிச்சை பெற்றவர் ஊர் திரும்பியதும் வைத்தியம் முடிந்துவிடுவதில்லை. நாள் தவறாத மருந்தும், காலந் தவறாத குருதிப் பரிசோதனையும் வேண்டும். இதற்கு வழித்தடம் திறந்திருத்தல் இன்றியமையாதது. வன்னியை ஊடறுக்கும் கண்டி வீதி 1990இலிருந்து 2002 வரையும், மீண்டும் 2006இலிருந்து 2009 வரையும் போரினால் மூடுண்டு கிடந்த காலங்களில், நீடித்த நோயுடையோர் தொடர்ந்து மருந்து பெறுவது எத்துணை அரிதாயிற்று என்பதை அம்மக்கள் நன்கறிவர். 2021இல் பொலன்னறுவையில் சிறுநீரக நோய்க்கெனத் தேசிய வைத்தியசாலை ஒன்று திறக்கப்பட்டது. எனினும், கிராமத்திலிருந்து வைத்தியசாலைக்கு உள்ள தூரமும், ஒருநாட் கூலியை இழக்கும் இடரும் இன்னும் தீர்ந்தபாடில்லை.

வீட்டிலே செய்யத்தக்கவையும் உள. உப்பையும் கருவாட்டையும் குறைத்தல், சோற்றின் அளவை மட்டுப்படுத்திக் கீரையும் காய்கறியும் சேர்த்தல், புகைத்தலை ஒழித்தல், நாடோறும் நடத்தல் என்பன அவை. பம்பளிமாசுப் பழம் தக்ரோலிமஸின் அளவைக் குருதியில் உயர்த்தக்கூடுமாதலால் அதனைத் தவிர்த்தல் நன்று. சீனி கூடிற்றென்று அஞ்சித் தாமாகவே மருந்தை நிறுத்துவது பெரும் பிழை. அது பெற்ற சிறுநீரகத்தையே இழக்கச் செய்யும். மருந்தின் அளவை மாற்றுதல் வைத்தியரது பொறுப்பேயாம்.

உறவினர் ஒருவர் தம் உடலின் ஒரு பகுதியை ஈந்த பின்னர், அக்கொடை எத்தனை ஆண்டு பயன் தரும் என்பது சத்திரசிகிச்சைக் கூடத்தில் மட்டும் முடிவாவதன்று. மாதந்தோறும் அளக்கப்படும் குருதியழுத்தத்திலும், அன்றாடம் உண்ணும் கோப்பைச் சோற்றிலும் அது பெரிதும் தங்கியுள்ளது.