தொழிற்சாலைக்கு முந்தைய மடல்கள்: அஞ்சல்வழிக் கல்வியில் தற்கற்றலின் தொடக்கம்

ஆசிரியரும் மாணவரும் விலகியிருந்து நடக்கும் கல்வி தொழிற்சாலை யுகத்தின் பிள்ளை என்பது கல்வியியலாளர் ஓட்டோ பீட்டர்ஸின் முடிவு. 1973-இல் வெளியான அவரது நூல், வேலைப் பிரிவினை, முன்திட்டம், பெருமளவு உற்பத்தி ஆகியவற்றைக் கொண்டு இக்கல்வியை விளக்கியது. ஒருவர் பாடம் எழுதுகிறார், இன்னொருவர் அச்சிடுகிறார், மூன்றாமவர் விடை திருத்துகிறார். படிப்பவர் கடைசி முனையில் தனியே நிற்கிறார். 1856-இல் பெர்லினில் தூசானும் லாங்கன்ஷைட்டும் தொடங்கிய மொழிப்பாட மடல்களுக்கு இவ்விளக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ரயிலும் ஒழுங்கான தபாலும் வந்த பிறகே இது கைகூடியது என்று அவர் மேலும் சொல்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அதை ஏற்றால், தன் படிப்பைத் தானே நடத்தும் மாணவர் பிற்காலச் சீர்திருத்தக்காரர்களின் கண்டுபிடிப்பாகிவிடுவார். மடல் போக்குவரத்தில் அவர் முன்பே இருந்தார் என்பது என் வாதம்.

பாஸ்டன் கெஜட் இதழில் கேலப் பிலிப்ஸ் என்ற சுருக்கெழுத்து ஆசிரியர் கொடுத்த விளம்பரம் பலராலும் எடுத்தாளப்படுவது. நாட்டுப்புறத்தில் இருப்பவர்களுக்கு வாரந்தோறும் பாடம் அனுப்பப்படும், பாஸ்டனில் இருப்பவர்களுக்கு நிகராக அவர்களும் தேர்ச்சி பெறலாம் என்கிறது அது. மாணவர் எழுதியது திரும்பி வந்ததா என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இந்த மௌனத்தைக் காட்டி இதைக் கல்விக் கணக்கில் சேர்க்கத் தயங்குவோர் உண்டு. நான் தயங்கவில்லை. சுருக்கெழுத்து நூல்கள் அதற்கு நூறாண்டு முன்பே விற்பனையில் இருந்தன. சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பை எழுதியது அத்தகைய நூலொன்றை எழுதிய ஷெல்டனின் முறையில். பாடம் மட்டும் போதுமென்றால் நூலை விற்றுவிடலாம், வாரக்கணக்கு எதற்கு? இந்த வாரம் எதுவரை, அடுத்த வாரம் எது என்பதை ஒருவர் மாணவரின் கையைப் பார்த்துத்தான் முடிவு செய்திருக்க வேண்டும். இது ஊகம்தான். ஆனால் பதில் வரவே இல்லை என்பதும் ஊகமே, அதிலும் வலுக்குறைந்த ஊகம்.

பிலிப்ஸ் விளம்பரத்தின் தேதியிலும் ஒரு சிக்கல். 1728 மார்ச் 20 என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். பிரிட்டிஷ் குடியேற்றங்களில் 1752 வரை ஜூலியன் நாட்காட்டியே வழங்கியது, சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஆகவே அந்தத் தேதி இன்றைய கணக்கில் 1728 ஆகவும் இருக்கலாம், 1729 ஆகவும் இருக்கலாம். முன்னதானால் அன்று புதன், பின்னதானால் வியாழன். இதழின் முகப்பிலுள்ள கிழமையோடு ஒப்பிடாமல் தீர்ப்பு சொல்ல இயலாது. வழக்கத்தையொட்டி 1728 என்று எழுதுகிறேன், கேள்விக்குறியுடன்.

1840-இல் பென்னித் தபால் வந்ததும் ஐசக் பிட்மன் சுருக்கெழுத்துப் பாடங்களை அஞ்சலில் அனுப்பித் திருத்தியது தெரிந்த கதை. திருத்தும் பணியைப் பின்னர் தொண்டர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதைப் பீட்டர்ஸ் தரப்பினர் கவனிக்க வேண்டும். தொழிற்சாலையில் கூலியின்றி யார் உழைப்பார்?

இன்னும் கனமான சான்று, 1873-இல் பாஸ்டனில் அன்னா எலியட் டிக்னர் தொடங்கிய வீட்டுக்கல்விச் சங்கம். பெண்களுக்கான இச்சங்கம் 24 ஆண்டுகளில் 7,000-க்கும் மேற்பட்டோரைச் சேர்த்தது. ரயிலும் தபாலும் இருந்தும் தொழிற்சாலை இங்கே உருவாகவில்லை. மாணவி துறையைத் தேர்ந்தாள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து குறிப்பெழுதினாள். மாதந்தோறும் தனக்கென அமைந்த ஒருத்திக்குக் கடிதம் எழுதிப் பதில் பெற்றாள். அறிவியல் பிரிவை நடத்தியவர் வேதியியலாளர் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ். நூல்கள் கிடைக்காதவர்களுக்கு இரவல் நூலகமும் இருந்தது. 1896-இல் டிக்னர் இறந்தார், மறு ஆண்டே சங்கம் கலைந்தது. பீட்டர்ஸின் அளவுகோலில் இது தோல்வி: ஆளை மாற்றி ஓட்ட முடியாத எந்திரம். அவருடைய அளவுகோலுக்குள் இச்சங்கம் அடங்காது என்பதற்கு எனக்கு இதுவே ஆதாரம்.

பள்ளிப் பிள்ளைகளிடம் வரும்போது என் வாதம் சற்றுத் தளர்கிறது. 1937 செப்டம்பரில் இளம்பிள்ளைவாதம் பரவியதால் சிகாகோ பள்ளிகள் திறக்கவில்லை. 3 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான ஏறத்தாழ 3,15,000 பேருக்கு வானொலியில் 15 நிமிடப் பாடங்கள் ஒலித்தன, அன்றன்றைய கேள்விகளும் அட்டவணையும் நாளிதழ்களில் வந்தன. பெற்றோரின் ஐயங்களுக்குத் தொலைபேசியில் ஆசிரியர்கள் பதில் சொன்னார்கள். பிள்ளை எழுதியதை ஆசிரியர் பார்த்தது பள்ளி திறந்த பிறகுதான். பீட்டர்ஸின் பக்கம் நின்று வாதாட வருபவர் 1856-ஐ விட்டுவிட்டு இங்கிருந்து தொடங்குவது நல்லது.