ஒரே வாக்கியம், நாலு கேள்வி

எட்டாம் வகுப்பு மகளுக்குச் சமூக அறிவியலில் ஒரு வீட்டுப்பாடம். குடும்பத்தின் சொந்த ஊரைச் சேர்ந்த பழைய ஆவணம் ஒன்றை வரி வரியாகப் படித்து நாலு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். எழுதியது யார்? எப்போது? எந்தச் சொற்களில்? எதைச் சொல்லாமல் விட்டார்கள்? இங்கே நியூஜெர்சியில் வரலாறு இப்படித்தான் நடக்கிறது. நான் திருவனந்தபுரத்தில் படித்தபோது, "கோயில் நுழைவுப் பிரகடனம், 1936 நவம்பர் 12, சித்திரைத் திருநாள் மகாராஜா" என்று எழுதினால் இரண்டு மார்க். ஆளை விட்டால் போதும்!

அதையே எடுத்துக்கொண்டோம். பிரகடனம் மொத்தமும் ஒரே ஒரு நீண்ட வாக்கியம். மூன்று தடவை படித்தாள்.

"அப்பா, கவர்மென்ட் கோயிலுக்கு மட்டும்தானே சொல்லியிருக்கு? மத்த கோயில்?"

தூக்கிவாரிப் போட்டது. தேதியோடு ஒப்பித்த எனக்கு இது கண்ணிலேயே பட்டதில்லை. தனியார் கோயில்கள் அதில் வரவில்லைதான். மன்னர் விதிக்கும் விதிகளுக்கு உட்பட்டே நுழையலாம் என்று ஒரு பிடியும் இருக்கிறது.

நாலாவது கேள்விக்கு ராத்திரி பதினொரு மணி ஆகிவிட்டது. மன்னர் தன் மதத்தின் பரந்த மனதையும் குடிமக்கள் மேலுள்ள அக்கறையையும்தான் காரணமாகச் சொல்கிறார். 1924-25 வைக்கம் போராட்டம் இல்லை, அதில் பெரியார் சிறைக்குப் போனது இல்லை, 1926 சுசீந்திரம் சத்தியாகிரகம் இல்லை. இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935-இல் அம்பேத்கர் அறிவித்ததும், திருவிதாங்கூர் ஈழவத் தலைவர்கள் மதம் மாறுவது பற்றிப் பேசியதும் இல்லை. 'ஆறுதல்' இருக்கிறது, 'உரிமை' இல்லை.

அதற்காகப் பிரகடனத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. மதுரை மீனாட்சி கோயில் திறந்ததே 1939-இல்தானே.

"உங்க ஆச்சி உள்ள போனாங்களா?" என்றாள்.

ஆச்சி சுசீந்திரத்துக்காரி. அன்றைக்கு அது திருவிதாங்கூர். 1936-இல் அவளுக்குப் பதினாலு வயசு. கடைசிவரை "ராஜா தொறந்து விட்டாரு" என்றுதான் சொல்வாள். அவள் அப்பா 1926 சத்தியாகிரகத்தில் உட்கார்ந்தவர் என்பதை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. சித்தப்பா சொல்லித்தான் தெரியும்.

மகள் இதையும் நாலாவது பதிலில் சேர்த்து எழுதினாள். நேற்றுத் தாள் திரும்பி வந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் டீச்சர் எழுதியிருக்கிறார்: "ஆதாரம் எங்கே?"

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்குப் போன் போட வேண்டும்.