2என்3055: பெயர் ஒன்று, பொருள் வேறு

வீட்டிலேயே ஆம்ப்ளிபையர் செய்கிறவர்களுக்கு இந்த அனுபவம் கட்டாயம் இருக்கும். பழைய சர்க்யூட் படத்தில் ஒரு பவர் டிரான்சிஸ்டர் எண் போட்டிருக்கும். கடையில் போய்க் கேட்டால், "அது இப்ப வர்றதில்ல சார், இதைப் போடுங்க, அதேதான்" என்று வேறொன்றைக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து சாலிடர் வைத்து சுவிட்சைப் போட்டால் சில சமயம் பாட்டு வரும். சில சமயம் புகை வரும்! இன்னும் சில சமயம் பாட்டும் இல்லாமல் புகையும் இல்லாமல் ஹீட் சிங்க் மட்டும் தொட முடியாத அளவுக்குச் சுடும்.

"அதேதான்" என்ற அந்த ஒரு சொல் எவ்வளவு தூரம் உண்மை? இதற்குப் பதில் தேட மிகவும் பொருத்தமான டிரான்சிஸ்டர் 2என்3055. உலகம் முழுக்க வீட்டு ஆம்ப்ளிபையர்களில் அதிகம் புழங்கிய எண்களில் இது ஒன்று. வேறு டிரான்சிஸ்டருக்கு மாற்றாக இதைப் போட்டார்கள். பிறகு இதற்கே மாற்று தேட வேண்டி வந்தது. கடைசியில் இதே பெயருக்குள் ஒளிந்திருந்த இன்னொரு பொருளும் வெளிப்பட்டது.

ஜெர்மானியத்திலிருந்து சிலிக்கானுக்கு

1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் முதல் டிரான்சிஸ்டர் வேலை செய்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களுக்கு ஆம்ப்ளிபையரில் பயன்பட்ட பவர் டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் ஜெர்மானியம். ஜெர்மானியத்தின் பெரிய பலவீனம் வெப்பம். உள்ளே 90, 100 டிகிரியைத் தாண்டினால் கதை முடிந்தது. சூடானால் அதிக மின்சாரம் இழுக்கும், அதிகம் இழுத்தால் இன்னும் சூடாகும், கடைசியில் தன்னையே எரித்துக்கொள்ளும்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 2என்3055 என்ற சிலிக்கான் டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்தது. இரண்டு திருகு ஓட்டைகள் உள்ள டிஓ-3 என்ற உலோகக் கூடு. 60 வோல்ட், 15 ஆம்பியர், 115 வாட். உள்ளே 200 டிகிரி வரை தாங்கும். ஆர்.சி.ஏ. இதைச் செய்த முறைக்கு ஹோமோடாக்சியல் என்று பெயர். ஒரே சீராகக் கலப்பு செய்த சிலிக்கான் தகட்டின் இரண்டு பக்கமும் எமிட்டரையும் கலெக்டரையும் ஊடுருவச் செய்வார்கள். நடுவில் மிஞ்சுகிற பேஸ் தடிமனாக இருக்கும். தடிமன் என்பதால் வேகம் குறைவு. ஆனால் அடி தாங்கும். வண்டி மாடு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

எண் என்பது என்ன?

இங்கே கொஞ்சம் வியாபாரத்தையும் பார்க்க வேண்டும். 2என் என்று தொடங்கும் எண்கள் ஒரு கம்பெனியின் சொத்து அல்ல. ஜெடெக் என்ற அமெரிக்கத் தொழில் அமைப்பில் பதிவு செய்யப்படும் பொது எண்கள் அவை. எத்தனை வோல்ட் தாங்க வேண்டும், எத்தனை ஆம்பியர் கொடுக்க வேண்டும், கெயின் எதற்குள் இருக்க வேண்டும் என்று பதிவில் எல்லைகள் இருக்கும். அந்த எல்லைக்குள் பொருள் செய்கிற எந்தக் கம்பெனியும் அந்த எண்ணை அச்சடிக்கலாம்.

போட்டிக் கம்பெனி தன் எண்ணைப் போட்டு விற்க ஒருவர் ஏன் சம்மதிக்க வேண்டும்? ராணுவம் போன்ற பெரிய வாடிக்கையாளர்கள் ஒரே விற்பனையாளரை நம்பி இருக்க விரும்ப மாட்டார்கள். இரண்டாவது ஒருவரிடமும் அதே சரக்கு கிடைத்தால்தான் முதலாமவரிடம் ஆர்டரே கொடுப்பார்கள். அதனால் பொது எண் எல்லோருக்கும் லாபம்.

ஆனால் பதிவில் எல்லை மட்டும்தான் இருக்கிறது. செய்முறை இல்லை. 2என்3055-ன் கெயின் 4 ஆம்பியரில் 20 முதல் 70 வரை எதுவாகவும் இருக்கலாம். அதாவது ஒரே பெயருக்குள் மூன்றரை மடங்கு வித்தியாசம்! மூட்டையில் பொன்னி என்று எழுதியிருந்தாலும் எல்லா ஆலை அரிசியும் ஒரே மாதிரி வேகுமா என்ன?

1969: மாற்றாக வந்த 2என்3055

1969 ஏப்ரலில் பிரிட்டனின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் ஜான் லின்ஸ்லி ஹூட் ஒரு சின்ன ஆம்ப்ளிபையரை வெளியிட்டார். ஒரு சேனலுக்கு நாலே டிரான்சிஸ்டர், 10 வாட், கிளாஸ் ஏ. இன்றைக்கும் ஆட்கள் செய்து பார்க்கிற சர்க்யூட் அது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 27 வோல்ட் சப்ளை, 1.2 ஆம்பியர் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 32 வாட்டுக்கு மேல். பாட்டே ஓடாதபோதும் இரண்டு அவுட்புட் டிரான்சிஸ்டர்களும் ஆளுக்கு 16 வாட் சூட்டைத் தாங்க வேண்டும்.

அவர் போட்டது மோட்டரோலாவின் எம்ஜே480 அல்லது எம்ஜே481. பின்னாளில் அவை சந்தையில் அரிதானபோது பலர் எடுத்தது 2என்3055. காகிதத்தில் பார்த்தால் அருமையான மாற்று. எம்ஜே480-க்கு 40 வோல்ட், 4 ஆம்பியர், 87 வாட்தான். 2என்3055 மூன்றிலும் பெரியது. கூடும் அதே டிஓ-3.

ஆனால் நான்காவதாக ஒரு எண் உண்டு. அது வேகம். கெயின் படிப்படியாகக் குறைந்து ஒன்றாகிவிடும் அதிர்வெண் எம்ஜே480-க்கு 4 மெகாஹெர்ட்ஸ். பழைய ஹோமோடாக்சியல் 2என்3055-க்கு 0.8 மெகாஹெர்ட்ஸ். கெயின் 50 என்று வைத்து 0.8 மெகாஹெர்ட்ஸை 50-ஆல் வகுத்தால் 16 கிலோஹெர்ட்ஸ். காது கேட்கும் எல்லைக்குள்ளேயே கெயின் சரியத் தொடங்கிவிடுகிறது! புகை வராது, பாட்டும் வரும். ஆனால் மேல் ஸ்தாயியில் சிதைவு கூடும். பெரிய எண் எல்லாம் நல்ல எண் இல்லை என்பது முதல் பாடம்.

பெயர் மாறவில்லை, உள்ளே மாறியது

1970களின் நடுவில் தொழிற்சாலைகள் 2என்3055-ஐ எபிடாக்சியல் முறைக்கு மாற்றின. இதில் மெல்லிய பேஸ் அடுக்கை தகட்டின் மேல் வளர்ப்பார்கள். வேகம் 2.5 மெகாஹெர்ட்ஸ் ஆனது. அதே கணக்கைப் போட்டால் சரிவு 50 கிலோஹெர்ட்ஸில்தான் தொடங்கும். நல்ல முன்னேற்றம்தானே? ஆமாம், புதிய சர்க்யூட்டுக்கு.

பழைய சர்க்யூட்டுக்கு இரண்டு சிக்கல் வந்தது. முதலாவது, மெதுவான டிரான்சிஸ்டரைக் கணக்கில் வைத்துச் செய்த ஆம்ப்ளிபையரில் வேகமானதைப் போட்டால் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் தானாகவே ஊசலாட ஆரம்பிக்கலாம். ஸ்பீக்கரில் சத்தம் கேட்காது. ஆனால் டிரான்சிஸ்டர் கொதிக்கும், ஃபியூஸ் போகும். "காரணமே இல்லாமல் சுடுகிறது" என்று சொல்வதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

இரண்டாவது, அடி தாங்கும் சக்தி. வோல்ட் அதிகமாக இருக்கும்போது மின்னோட்டம் சில்லின் ஒரே புள்ளியில் குவிந்து அந்த இடத்தைப் பொசுக்கிவிடும். இதை செகண்ட் பிரேக்டவுன் என்பார்கள். ஹோமோடாக்சியல் வகை 60 வோல்ட்டிலும் 1.95 ஆம்பியர் தாங்கியது. அதாவது முழு 115 வாட்டும். எபிடாக்சியல் வகைக்கு முழு வாட் 40 வோல்ட் வரைக்கும்தான், அங்கே 2.87 ஆம்பியர். அதற்கு மேல் அளவு சரிகிறது. ஸ்பீக்கர் வெறும் ரெசிஸ்டர் அல்ல. அதிக வோல்ட்டும் அதிக ஆம்பியரும் ஒரே நேரத்தில் டிரான்சிஸ்டர் மேல் விழும் தருணங்கள் அதில் உண்டு. பழையது பிழைத்த இடத்தில் புதியது செத்தது.

இரண்டின் மேலும் அச்சடித்திருந்தது 2என்3055 என்றுதான். யாரும் ஏமாற்றவில்லை. பதிவு செய்த எல்லைக்குள்தான் இரண்டும் இருந்தன.

பெயர் கொடுத்தவர் கதையும் சுவாரசியமானது. 1986-ல் ஆர்.சி.ஏ.வை ஜெனரல் எலக்ட்ரிக் வாங்கியது. 1988-ல் குறைக்கடத்திப் பிரிவு ஹாரிஸ் நிறுவனத்துக்குப் போனது. எண் மட்டும் மற்றவர்கள் கையில் தொடர்ந்து வாழ்ந்தது.

போலிகளின் காலம்

பிறகு ஜப்பானிய டிரான்சிஸ்டர்கள் வந்தன. சென்னை ரிச்சி தெருவில் சி5200, ஏ1943 என்று கேட்கப்படும் ஜோடி தோஷிபாவின் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943. 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட், 30 மெகாஹெர்ட்ஸ். புகழ் வந்ததும் போலியும் வந்தது. வெளியே அதே கூடு, அதே எழுத்து. உள்ளே ஒரு சின்னஞ்சிறு சில்லு. மெதுவாகப் பாட்டு வைத்தால் வேலை செய்யும், சத்தத்தைக் கூட்டினால் வெடிக்கும். 2என்3055 விஷயத்தில் எண் பாதி உண்மையைச் சொன்னது. இங்கே எண்ணே பொய்!

அனுபவம் சொல்லிக் கொடுத்த வரிசை

இத்தனை வருட எரிச்சலிலிருந்து கைவேலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உருவானது. முதலில் என்பிஎன்னா பிஎன்பியா, கால்களின் வரிசை என்ன என்று பார்ப்பது. அடுத்து சப்ளையின் முழு வோல்ட்டையும் தாங்குமா என்பது. பிறகு வாட். 115 வாட் என்பது கூடு 25 டிகிரியில் இருக்கும்போது மட்டும். 100 டிகிரியில் அது சுமார் 66 வாட்தான். நான்காவது, அந்த வோல்ட்டில் பாதுகாப்பாக எத்தனை ஆம்பியர் என்று டேட்டா ஷீட்டின் வரைபடத்தில் பார்ப்பது. ஐந்தாவது, வேகம் பழையதற்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பது. ஒன்று போனாலும் ஜோடியாகவே மாற்றுவது. கூடுதான் கலெக்டர் என்பதால் மைக்கா தகட்டை மறக்காமல் வைப்பது.

கடைசியாக, முதல் முறை சுவிட்ச் போடும்போது மெயின்ஸில் சீரிஸ் பல்ப். ஒரு குண்டு பல்பை வரிசையில் இணைத்து வைத்தால், தவறு இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். டிரான்சிஸ்டர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கிளாஸ் ஏ மாதிரி சும்மா இருக்கும்போதே அதிகம் இழுக்கிற சர்க்யூட்டில் மட்டும் பல்பு கொஞ்சம் எரிவது சகஜம்.

கடைக்காரர் "அதேதான்" என்று சொல்வது பெரும்பாலும் பொய்யில்லை. எண்ணைப் பொறுத்தவரை அது அதேதான். ஆனால் சர்க்யூட்டுக்கு எண் தெரியாது. உள்ளே இருக்கும் சில்லு மட்டும்தான் தெரியும்.