கள்ளிக்கோட்டைக் கடலிற் குஞ்ஞாலிமார்

கடற்கொள்ளைக்காரர் என்பவர் யார்? பிறர் கப்பலை மறித்துப் பொருளைப் பறிப்பவர் என்று எவரும் உடனே விடை கூறுவர். அந்த இலக்கணத்தைக் கையிற்கொண்டு பதினாறாம் நூற்றாண்டின் மலையாளக் கரையை நோக்குவோமாயின், அப்பெயருக்கு முதலில் உரியவராவோர் போர்த்துக்கேய அரசரின் கொடியைப் பறக்கவிட்டு வந்தவர்களே. 1498 இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்தபோது அரபியரும் குஜராத்தியரும் சோழமண்டலக் கரையாரும் அங்கே அமைதியாக வியாபாரம் நடத்திக்கொண்டிருந்தனர். நான்கு ஆண்டுகளின் பின், 1502 இல், அதே காமா மக்காவிலிருந்து யாத்திரிகரை ஏற்றிவந்த கப்பலொன்றை மறித்துப் பொருளைக் கவர்ந்தபின், பெண்களும் உள்ளிருக்க அதனைத் தீக்கிரையாக்கினார். இதனை எழுதிவைத்தவர்கள் அவருடைய பகைவரல்லர்; அவரது படையிற் கூடச்சென்றவர்கள்.

இதன்பின் ஒரு புதிய சட்டம் பிறந்தது. இந்துமாகடலிற் செல்லும் கப்பல் ஒவ்வொன்றும் போர்த்துக்கேயரிடம் ‘கர்த்தாஸ்’ என்னும் அனுமதிச்சீட்டைப் பெறவேண்டும்; அவர்களுடைய துறைமுகத்தைத் தொட்டுத் தீர்வை செலுத்தவேண்டும்; மிளகு முதலிய சில சரக்குகளை ஏற்றவே கூடாது. சீட்டில்லாத கப்பல் கைப்பற்றப்படும். தலைமுறை தலைமுறையாக ஓடிய கடல் ஒருநாள் காலையில் அயலாரின் வீட்டு முற்றமாயிற்று. இச்சீட்டை வாங்க மறுத்து மிளகேற்றியவனுக்கே போர்த்துக்கேயர் ‘கொள்ளைக்காரன்’ என்று பெயரிட்டனர். பிற்காலத்துச் சரித்திர நூலார் பலரும் அப்பெயரை ஆராயாது எடுத்தாண்டனர்.

இனி, அப்பெயரைப் பெற்றவர்களைப் பார்ப்போம். மரைக்கார்கள் முஸ்லிம் வணிகர். சோழமண்டலக் கரையிலிருந்து அரிசியை ஏற்றிச்சென்று மலையாளத்தில் விற்றவர்கள். அவர்களுட் சிலர் கொச்சியில் இருந்து தொடக்கத்திற் போர்த்துக்கேயருடனேயே கொடுக்கல் வாங்கல் செய்தனர் என்பது நாம் மறக்கலாகாத செய்தி. வியாபாரத்தை அழித்தபின்னரே அவர்கள் வாளெடுத்தனர். 1520களிற் கொச்சியைவிட்டுக் கள்ளிக்கோட்டை அரசராகிய சாமூதிரியிடம் வந்து சேர்ந்தனர். சாமூதிரி இந்து மன்னர். அவருக்கு நிலத்திலே பெரும்படை உண்டு. அது மாதச்சம்பளத்துக்கு அமர்ந்த படையன்று. களரியிற் பயின்ற நாயர்கள் தத்தம் தேசத்துத் தலைவர் அழைத்தபோது திரளும் ஊர்ப்படை. ஆனால் நாயர்க்குக் கடற்பயணம் ஆசாரத்தால் விலக்கு. ஆகவே கரையை நாயரும் கடலை மரைக்காரும் காப்பதென்று ஆயிற்று. ‘குஞ்ஞாலி’ என்பதும் தனியொருவரின் பெயராக நில்லாது, சாமூதிரியின் கடற்படைத் தலைவர்க்குரிய பட்டமாயிற்று. ஒருவர்பின் ஒருவராக நால்வர் அதனைத் தாங்கினர்.

அவர்கள் போர்செய்த முறை கவனிக்கத்தக்கது. போர்த்துக்கேயக் கப்பல் உயரமானது. பெரும் பீரங்கிகளைத் தாங்குவது. ஆயின் ஆழமும் காற்றும் இன்றி அசையமாட்டாது. குஞ்ஞாலியின் படகுகளோ துடுப்பினாலும் பாயினாலும் செல்பவை. ஆழமற்ற கழிமுகத்தினுள்ளும் புகக்கூடியவை. காற்று விழுந்து பெருங்கப்பல் அசையாது நிற்கும் வேளையிற் பல படகுகள் ஒருங்கே வெளிப்பட்டு அதனைச் சூழும். எதிரிக்குத் துணைவந்தால் ஆற்றுக்குட் புகுந்து மறையும். மலையாளக் கரை நெடுகிலுமுள்ள கழிகளே அவர்களுக்குக் கோட்டைகளாயின. இவர்கள் கொள்ளையிடவேயில்லை என்று சாதிக்க நாம் வரவில்லை. இட்டார்கள், அதிலேயே படைச்செலவும் நடந்தது. ஆனால் சீட்டுக் கொடுத்துக் கொள்ளையிடுவது அரசநீதி, சீட்டின்றிக் கொள்ளையிடுவது களவு என்று வகுத்தவர் யாவர் என்பதே கேள்வி.

நம் நாட்டுச் சரித்திரமும் இவர்களுடன் பிணைந்தது. கோட்டை அரசன் புவனேகபாகு போர்த்துக்கேயரைத் துணைக்கொண்டபோது, அவன் தம்பி சீதாவாக்கை மாயாதுன்னை கள்ளிக்கோட்டையின் உதவியை நாடினான். அவனுக்குத் துணையாகப் புறப்பட்ட மரைக்கார்களின் பெரும்படையை 1538 இல் மார்ட்டிம் அபோன்சோ த சூசா இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள வேதாளைக் கரையில் எதிர்பாராது தாக்கி முறியடித்தான். படகுகள் கரையேற்றப்பட்டு நின்ற வேளையது. கடலில் வெல்லமுடியாதவர்கள் நிலத்தில் அகப்பட்டனர்.

எனினும் போர் ஓயவில்லை. கள்ளிக்கோட்டைக்குத் தெற்கே சாலியத்தில் 1531 இற் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை சாமூதிரியின் தொண்டையில் முள்ளாக நின்றது. 1571 இல் நாயர் நிலத்திலும் மூன்றாங் குஞ்ஞாலி கடலிலும் நின்று அதனை முற்றுகையிட்டுப் பட்டினியாற் பணியவைத்தனர். சாமூதிரி அதனைக் கல்லுக்குக் கல் பெயர்த்தெறிந்தார். இவ்விரு கைகளும் ஒன்றுபட்டு நின்ற நாளின் உச்சம் அதுவேயாகும். இதன் நன்றியாகக் குஞ்ஞாலி வடகரைக்கு அருகே கோட்டப்புழை ஆற்றின் முகத்திலே தமக்கொரு கோட்டை கட்ட அனுமதி பெற்றார். அவ்விடம் இன்றும் கோட்டைக்கல் என்றே வழங்குகிறது.

அந்தக் கோட்டையிலேயே பிளவும் பிறந்தது. நெடும்போரினாற் களைத்த சாமூதிரி 1584 இற் போர்த்துக்கேயருடன் சமாதானம் செய்து, பொன்னானியில் அவர்களுக்கு ஒரு பண்டகசாலைக்கு இடமளித்தார். குஞ்ஞாலியோ கோட்டை மதில்களை உயர்த்தினார். 1595 ஆம் ஆண்டளவிற் பட்டத்துக்கு வந்த நான்காங் குஞ்ஞாலி முகமது மரைக்கார், ‘இந்தியக் கடல்களின் அதிபதி’ என்று தம்மை அழைத்துக்கொண்டாராம். சாமூதிரியின் யானையொன்றின் வாலையும் அறுத்தாராம். இவை பெரும்பாலும் போர்த்துக்கேயர் எழுதியவை. ஆகையால் அளந்தே கொள்ளவேண்டும். ஆயினும் சேவகன் தன் அரசனைவிட உயர்ந்துவிட்டான் என்ற எண்ணம் கள்ளிக்கோட்டை அரண்மனையில் வளர்ந்தது உண்மை. அது பொய்யாக இருந்திருப்பின் பின்னர் நடந்தது நடந்திராது.

இடையிலே யாழ்ப்பாணத்தின் முறை வந்தது. 1560 இற் போர்த்துக்கேயர் கைப்பற்றிய மன்னாரை மீட்க முயன்ற புவிராஜ பண்டாரம் கள்ளிக்கோட்டைக் கடற்படையின் துணையை நாடினான். 1591 இல் அந்திரே பூர்த்தாடோ என்னும் தளபதி, கொட்டி மூசாவின் தலைமையில் வந்த அப்படையை இலங்கையின் மேற்குக் கடலில் அழித்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் இறங்கி நல்லூரைப் பிடித்தான். அரசன் கொல்லப்பட்டான், எதிர்மன்னசிங்கன் போர்த்துக்கேயரின் சொற்படி அரசனானான். இந்தப் பூர்த்தாடோவை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

1599 இற் சாமூதிரியின் நிலப்படையும் போர்த்துக்கேயக் கப்பற்படையும் ஒருங்கே கோட்டைக்கல்லைத் தாக்கின. தலைவன் லூயிஸ் ட காமா. முதல் வாஸ்கோவின் வழித்தோன்றல், கோவா இராசப்பிரதிநிதியின் உடன்பிறந்தான். இரவிற் கொடுத்த தீச்சமிக்ஞை நேரந்தவறியது; இருபக்கத்துப் படைகளும் ஒன்றையொன்று எதிர்பார்த்து மடிந்தன. கோவாவுக்கு அது பேரவமானம். பின்னர் பூர்த்தாடோவை அனுப்பினர். அவன் அவசரப்படவில்லை, ஆற்றின் வாயை அடைத்து, சாமூதிரியின் படையால் நிலத்தை அடைத்து, கோட்டையைப் பட்டினியிலே வாட்டினான். சாலியத்தின் பாடம் திரும்பிவந்தது.

உயிருக்கு ஆபத்தில்லை என்று சாமூதிரி வாக்களித்தபின், 1600 மார்ச் மாதத்திற் குஞ்ஞாலி வெளியே வந்தார். தலையிற் கறுப்புத் துணி. கையிலே முனை கீழ்நோக்கிப் பிடித்த வாள். அதனைச் சாமூதிரியிடம் ஒப்படைத்தார். அக்கணமே பூர்த்தாடோ முன்வந்து அவருடைய தோளைப் பற்றித் தன்பக்கம் இழுத்தான். தங்கள் அரசனின் வாக்கு தங்கள் கண்முன்னே முறிவதைக் கண்டு நாயர் படையிற் கொந்தளிப்பு எழுந்தது. போரிலே குஞ்ஞாலியை எதிர்த்து நின்றவர்கள் அவர்களே. ஆயினும் கொடுத்த வாக்கு அவர்களுக்கு வேறு பொருளாய் இருந்தது. கொந்தளிப்பு அடக்கப்பட்டது; கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. குஞ்ஞாலி கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுச் சிரச்சேதம் செய்யப்பட்டார். உடலின் கூறுகளைக் கோவாவின் கரைகளிலே காட்சிக்கு வைத்தனர். தலையை உப்பிலிட்டுக் கண்ணனூருக்கு அனுப்பிக் கம்பத்தில் ஏற்றினர். பத்தொன்பது ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனும் அதே கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கேயே கொல்லப்பட்டான்.

சாமூதிரி பெற்ற லாபம் யாது? நான்கே ஆண்டுகளில், 1604 இல், அவர் போர்த்துக்கேயரைத் துரத்துவதற்காக ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்யவேண்டி நேர்ந்தது; தம்முடைய கடற்கையைத் தாமே வெட்டியவர்க்கு இரவற்கை தேவைப்பட்டது. 1663 இல் ஒல்லாந்தர் கொச்சியைப் பிடித்தனர். பிடித்தபின் அவர்களும் தங்கள் சீட்டையே நீட்டினர்.

கோட்டைக்கல்லில் இப்போது மரைக்கார்களின் நினைவு இல்லமும், இந்தியக் கடற்படையினர் எழுப்பிய நினைவுச்சின்னமும் உள்ளன. மும்பையிலுள்ள கடற்படைத் தளமொன்று ‘ஐ.என்.எஸ். குஞ்ஞாலி’ என்ற பெயருடன் விளங்குகிறது.