ஆட்டம் யாருடையது? முன்சக்கர ஹப் குறித்துச் சில குறிப்புகள்

1

தொழில்நுட்ப வரலாறு என்றால் நம்மிடம் இரண்டே வகை: கண்டுபிடித்தவர்களின் வரலாறு, இல்லையேல் முதலீடு செய்தவர்களின் வரலாறு. தேய்ந்ததைக் கழற்றி மாட்டியவர்களுக்கு வரலாறு கிடையாது. லாரியின் முன்சக்கர ஹப்பை (மாட்டுவண்டிக்காரர் மொழியில் குடத்தை) முன்வைத்து இதைப் பேசலாம் எனத் தோன்றுகிறது. ஹப் தேய்ந்திருப்பதை அறிவது யார்? மாற்றலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பது யார்? மாற்றாமல் விட்டதற்குத் தண்டனை பெறுவது யார்? இம்மூவரும் வெவ்வேறு ஆட்களாகப் பிரிந்துபோனதே ஹப்பின் சமூக வரலாறு.

புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் உமணர்களின் உப்பு வண்டியைச் சொல்கிறார். வழியில் என்ன நேருமோ என்று வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். வண்டியோடு போகிறவனுக்கே சரக்கும் சொந்தம், நட்டமும் சொந்தம் என்கிற அமைப்பில்தான் இந்த முன்யோசனை இயல்பாகிறது. உமணர் வாழ்வைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. அறிவும் தீர்மானமும் இழப்பும் ஒரே கையில் இருந்த ஒரு நிலையை மட்டும் குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

2

மாட்டுவண்டியில் குடம் அச்சின் மேல் நேரடியாக உராய்ந்தது. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மைதான் இடையில் இருந்தது. லாரியின் ஹப் வேறு வம்சம். ஆனால் அதுவும் வண்டிப் பட்டறையில் பிறந்ததுதான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கன், கூம்பு வடிவ உருளைகள் கொண்ட பேரிங்குக்கு 1898இல் காப்புரிமை பெற்றார். மேலிருந்து இறங்கும் பாரத்தையும், வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளும் விசையையும் ஒரே பேரிங் தாங்கும் என்பதே அதன் சிறப்பு. லாரியின் முன் ஹப்பில் இத்தகைய பேரிங்குகள் இரண்டு: உள்ளே பெரியது, வெளியே சிறியது. ஹப்பில் இறுகி உட்கார்வது கப். அச்சில் ஏறி உருளைகளைத் தாங்குவது கோன்.

சென்னை எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. ஜாம்ஷெட்பூரில் டாடா, டெய்ம்லர்-பென்ஸ் கூட்டில் 1954இல் லாரி வந்தது. தேசிய வளர்ச்சி என்ற பெருங்கதையாடலில் இந்த ஆண்டுகள் தவறாமல் வரும். அந்த லாரிகளை ஓட வைத்த அறிவு எப்படி உண்டாயிற்று என்பது வராது. அது கிளீனர் என்ற பையனின் உடலில் உண்டாயிற்று. நாமக்கல், சங்ககிரி பக்கத்துப் பட்டறைகளிலும் வண்டியடியிலும், மண்ணெண்ணெயில் பேரிங் கழுவிக் கழுவி, திட்டும் அடியும் வாங்கி, ஸ்பேனர் எடுத்துக்கொடுத்து அது சேர்ந்தது. இதைக் ‘குரு–சிஷ்ய மரபு’ என்று கொண்டாடுகிறவர்கள் அந்த அடியை மறந்துவிடுகிறார்கள். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சிறுவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஆனால் ஐந்து தொழிலாளருக்குக் குறையாத நிறுவனங்களுக்கே அது பொருந்தும் என்பது அதன் பொதுவிதியாக இருந்தது. ஒற்றை லாரி, இரட்டை லாரி முதலாளியின் கிளீனர் அந்த வாசலுக்கு வெளியே நின்றான்.

3

அந்த அறிவு எத்தகையது? முதலில் காது. ஓட்டத்தில் ஓர் உறுமல், வேகத்தோடு ஏறும். “லெஃப்ட்ல ஒடிச்சா சத்தம் ஏறுது, ரைட்ல ஒடிச்சா குறையுதுன்னா, ரைட் வீலு பேரிங்கு” என்பார்கள். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலச் சக்கரத்தில் சாய்கிறது என்ற இயற்பியல்தான் இது. அடுத்தது தோல். ஓடி வந்து நிறுத்தியதும் புறங்கையை ஹப் பக்கம் கொண்டுபோனால், ஒரு பக்கம் மட்டும் அளவுக்கு மீறிச் சுடும். பிறகு கண். ஆயில் சீலைத் தாண்டிக் கிரீஸ் கசிந்திருக்கும், டயர் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருக்கும்.

பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்னால் ஜாக்கி ஏற்றி, அச்சுக்குக் கீழ் ஸ்டாண்டு வைத்த பிறகு, டயரின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் அவசரப்பட்டு முடிவுக்கு வரக் கூடாது. “பிரேக்கை மிதிடா” என்று ஒருவனை உட்காரவைத்து மறுபடி ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றால் கோளாறு பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின்னில். இரண்டு சாத்தியங்களைப் பிரித்து ஒன்றை விலக்கும் முறை இது. ஆய்வுக்கூடத்தில் செய்தால் விஞ்ஞானம், வண்டியடியில் செய்தால் ‘கைப்பழக்கம்’!

மூடியைக் கழற்றி, காட்டர் பின்னைப் பிடுங்கி, நட்டை எடுத்தால் வெளி பேரிங் கையோடு வரும். ஹப்பை இழுத்துக் கழுவிப் பார்த்தால் உலோகம் பேசும். நீலம் பாரித்திருந்தால் சூடு ஏறியது. புள்ளி விழுந்து செதில் உரிந்திருந்தால் ஆயுள் முடிந்தது. கப்பும் கோனும் ஜோடியாகவே மாற வேண்டும். புதிதைப் போட்டு, உள்ளங்கையில் கிரீஸ் வைத்து உருளைகளின் இடுக்கெல்லாம் ஏற்றி, புது சீல் அடித்து, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கிப் பிறகு கொஞ்சம் தளர்த்த வேண்டும். அந்தக் ‘கொஞ்சம்’தான் வித்தை. இறுகினால் எரியும், தளர்ந்தால் கழலும். அமெரிக்க லாரித் துறை இதற்கு எழுத்தில் தந்திருக்கும் அளவு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று முதல் ஐந்து பங்கு. கையில் கிடந்த அறிவு அங்கே எண்ணாக மாறியது. எண்ணாக மாறினால்தான் அது நீதிமன்றத்தில் செல்லுபடியாகும்.

4

சிக்கல் பேரிங்கோடு முடிவதில்லை. பழைய கப் ஹப்புக்குள் சுழன்று சுழன்று துளையையே அகலமாக்கிவிட்டால், புதுக் கப்பை விரலால் தள்ளினாலே உள்ளே போகும். “கப்பு சுத்திருச்சுங்க, ஹப்பையே மாத்தணும்” என்று மெக்கானிக் சொல்வார். “இந்த ட்ரிப்பு ஓடட்டும், அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்று முதலாளி சொல்வார். உடனே துளையின் உட்சுவரில் பஞ்ச் வைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்தி, மேடு எழுப்பி, கப் இறுகியதுபோல ஒரு தோற்றம் உண்டாக்கப்படும். குத்துகிற கைக்கு அது நிற்காது என்று தெரியும். ஹாரி பிரேவர்மன் 1974இல் எழுதிய ‘உழைப்பும் ஏகபோக மூலதனமும்’ நூல், சிந்தனையும் செயலும் பிரிக்கப்படுவதைப் பேசியது. இங்கே அவை பிரியவில்லை. சிந்திப்பவரும் செய்பவரும் ஒருவரே. பறிக்கப்பட்டிருப்பது ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை. வட்டியும் தவணையும் வாடகைப் போட்டியும் நெருக்க, அந்தச் சிறுமுதலாளியிடமும் அது முழுதாக இல்லை.

சக்கரம் கழன்று ஆள் செத்தால் காவல்துறை முதலில் தேடுவது ஓட்டுநரை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவில் அதிகபட்சம் இரண்டு ஆண்டாக இருந்த சிறை, 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)இல் ஐந்து ஆண்டாகியது. விபத்தைத் தெரிவிக்காமல் ஓடுபவருக்குப் பத்து ஆண்டு என்ற 106(2)ஐ எதிர்த்து 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சட்டம் வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஓட்டுநர்களை ‘ஓடிப்போகிறவர்கள்’ என்று கட்டமைத்த சொல்லாடலில் பஞ்ச் குத்திய ஹப்புக்கு இடமே இருக்கவில்லை.

வேறு வழி இல்லையா? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் லாரிச் சக்கரங்கள் கழன்று பறந்து 1995இல் உயிர்கள் போயின. 1997இல் அம்மாகாணம் இயற்றிய சட்டம் பொறுப்பை வண்டியின் உரிமையாளர் மீதும் இயக்கும் நிறுவனத்தின் மீதும் வைத்தது. சக்கரம் கழன்றாலே குற்றம்; ‘தக்க கவனம் எடுத்தோம்’ என்ற வாதம் செல்லாது; அபராதம் 2,000 முதல் 50,000 டாலர் வரை. சட்டத்தை வழிபடச் சொல்லவில்லை. குற்றத்தின் முகவரியை மாற்றி எழுத முடியும் என்பதற்கு அது சாட்சி.

5

இப்போது அடைத்து மூடிய ஹப் யூனிட்டுகள் வந்திருக்கின்றன. கிரீஸும் அளவும் தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும். கெட்டால் முழுதாக மாற்ற வேண்டியதுதான். நட்டைத் தவறாக முறுக்கிச் சாவது குறையும் என்பதால் இதை வெறுக்க முடியாது. ஆனால் ‘கொஞ்சம்’ என்பதை அறிந்த கையின் மதிப்பும் அதோடு மூடப்படுகிறது. கிளீனர் இல்லாமல் ஓட்டுநர் ஒருவரோடே ஓடும் லாரிகள் பெருகிய நிலையில், பிரேக் மிதிக்க ஆள் கூப்பிடவே வழியில்லை.

பழைய பட்டறையை மீட்க வேண்டியதில்லை. சங்கங்கள் கையிலெடுக்கக்கூடிய சிறு காரியம் ஒன்று உண்டு: பட்டறையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு. ‘வலது முன்சக்கரம் ஆட்டம். ஹப் மாற்றச் சொன்னேன். மாற்றவில்லை.’ தேதி, கையெழுத்து, ஓட்டுநரிடம் ஒரு பிரதி. கையெழுத்திடும் மெக்கானிக்குக்கு வாடிக்கை போகும் என்பது உண்மை. அதனால்தான் அதைத் தனி ஆளின் துணிச்சலாக விடாமல் சங்கத்தின் விதியாக்க வேண்டியிருக்கிறது.