மலையும் காற்றும் மோதும் சாலை

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பது கடினமா, மேட்டில் ஏறுவது கடினமா? சைக்கிள் ஓட்டும் எவரும் இந்தக் கேள்விக்கு உடனே ஒரு விடை சொல்லிவிடுவார்கள். ஆனால் விடை அவ்வளவு எளிதன்று. இத்தாலி நாட்டில் மிலான் நகரிலிருந்து சான் ரெமோ என்னும் கடற்கரை நகருக்குச் செல்லும் சைக்கிள் பந்தயத்தின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது. அந்தச் சாலையில் நாமும் சற்றுப் பயணம் செய்து பார்ப்போம்.

முதலில் நிலத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். மிலான் நகரம் போ ஆற்றின் பரந்த சமவெளியில் இருக்கிறது. தெற்கே சென்றால் அப்பெனைன் மலைத்தொடர் குறுக்கிடும். அதைத் துர்க்கினோ கணவாய் வழியாக, 532 மீட்டர் உயரத்தில், கடக்க வேண்டும். கணவாயைத் தாண்டியதும் லிகூரியாக் கடற்கரை. அங்கே மலைகள் கடலோரம் வரை வந்துவிடுவதால் அகலமான கரைநிலம் இல்லை. மலையின் கால்கள் ஆங்காங்கே கடலுக்குள் நீண்டு முனைகளாக நிற்கின்றன. மேலே, செர்வோ, பெர்த்தா என்பன அவற்றுள் மூன்று. கரையோரச் சாலை ஒவ்வொரு முனையிலும் ஏறி இறங்கித்தான் மேற்கே போகிறது.

இவ்வழியில் 1907 ஏப்ரலில் முதல் பந்தயம் நடந்தது. மிலான் நகரின் விளையாட்டுப் பத்திரிகையான ‘லா கஸ்ஸேட்டா தெல்லோ ஸ்போர்ட்’ அதை நடத்தியது. தொலைவு சுமார் 288 கி.மீ. பிரான்சு நாட்டின் லூசியன் பெத்தி-பிரெத்தோன் 11 மணி நேரத்திற்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு வென்றார். சராசரி வேகம் மணிக்கு 26 கி.மீ. ‘இவ்வளவுதானா?’ என்று எண்ணிவிடாதீர்கள். அன்றைய சாலைகள் மண்ணும் சரளையும் நிறைந்தவை. ஓடும்போதே கியர் மாற்றும் வசதியும் அன்றைய பந்தய சைக்கிளில் இல்லை. சமவெளியில் எந்தப் பற்சக்கரத்தைச் சுழற்றினாரோ, அதையே கணவாயிலும் சுழற்ற வேண்டும். புகழ்பெற்ற பிரான்சு சுற்றுப் பந்தயத்தில்கூட கியர் மாற்றும் கருவி 1937இல்தான் அனுமதிக்கப்பட்டது.

அந்நாளில் துர்க்கினோ ஒன்றே வீரர்களைச் சலித்தெடுக்கப் போதுமானதாக இருந்தது. 1910ஆம் ஆண்டு பந்தயத்தைப் பாருங்கள். கணவாயில் கடும் பனி. அறுபதுக்கு மேற்பட்டோர் புறப்பட்டனர். முடிவுப் பட்டியலில் இடம்பெற்றவர்கள் நால்வரே. வென்ற எய்ஜேன் கிறிஸ்தோஃப், குளிரில் விறைத்துப்போய் வழியில் ஒரு விடுதியில் ஒதுங்கிக் கம்பளியால் உடலைச் சூடேற்றிக்கொண்டு மீண்டும் கிளம்பியவர். சான் ரெமோ சேர அவருக்கு 12 மணி 24 நிமிடம் பிடித்தது. பிறகு அவர் மருத்துவமனையில் நெடுநாள் கிடக்க நேர்ந்தது. போருக்குப் பின் 1946இல் நடந்த பந்தயத்தில் இத்தாலியின் ஃபாவுஸ்தோ கோப்பி, துர்க்கினோவில் எல்லாரையும் பின்தள்ளினார். எஞ்சிய 140 கி.மீ.க்கு மேற்பட்ட தொலைவைத் தன்னந்தனியே கடந்து, இரண்டாமவரைவிட 14 நிமிடம் முன்னதாக வந்து சேர்ந்தார்.

கூட்டத்தின் வலிமை

அடுத்து வந்த பத்தாண்டுகளில் நிலைமை மாறியது. பந்தயம் பலமுறை கடைசித் தெருவில், ஒரு பெருங்கூட்டத்தின் பாய்ச்சலில் முடியத் தொடங்கியது. துர்க்கினோ அதே இடத்தில், அதே உயரத்தில்தான் இருந்தது. ஆயினும் அதன் வலிமை எங்கே போயிற்று?

இங்கேதான் நாம் இயற்பியலின் துணையை நாட வேண்டும். சமதரையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்பவரைத் தடுப்பது பெரும்பாலும் காற்றுதான். சாலையின் உராய்வு மிகச் சிறிது. வேகம் இரு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான திறனோ எட்டு மடங்காகும். ஆனால் ஒருவர் பின்னால் ஒட்டிச் சென்றால், முன்னவர் பிளந்த காற்றில் பின்னவருக்குத் தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. நூறு பேர் மாறி மாறி முன்வந்து ஓட்டினால், தனியே முன்னேறிய ஒருவர் எவ்வளவு வல்லவராயினும் பிடிபட்டுவிடுவார். சாலைகள் தார் பூசப்பட்டு, சைக்கிள்கள் இலேசாகி, கியர்கள் வந்ததும் வேகம் கூடியது. வேகம் கூடக் கூடக் காற்றின் ஆட்சி ஓங்கியது. கூட்டத்தின் வலிமையும் ஓங்கியது.

ஏற்றத்தில் கணக்கு வேறு. 100 மீட்டர் சாலைக்கு 4 மீட்டர் உயரும் சரிவை எண்ணிப் பாருங்கள். வீரரும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோகிராம் என்றால், அதில் நூற்றுக்கு நான்கு பங்கு, அதாவது 3 கிலோகிராம் எடை, அவரை ஓயாமல் பின்னுக்கு இழுக்கும். இந்த இழுப்பை எவருடைய முதுகுக்குப் பின்னாலும் ஒளிந்து குறைத்துக்கொள்ள முடியாது. அத்தகைய சரிவில் மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் ஏறினால், பின்தொடர்பவருக்குக் கிடைக்கும் லாபம் மொத்தத் தடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சரிவு இன்னும் செங்குத்தாகி வேகம் குறைந்தால், அந்த லாபமும் பெரும்பாலும் மறைந்துவிடும். சுருங்கச் சொன்னால், காற்று கூட்டத்துக்கு உதவுகிறது. மலை தனி மனிதனுக்கு உதவுகிறது.

தேடிப்போன குன்றுகள்

பந்தயம் நடத்தியவர்கள் இதை அனுபவத்தால் உணர்ந்திருந்தனர். 1953க்குப் பின் சொந்த நாட்டு வீரர் எவரும் வெல்லவில்லை என்ற குறையும் அவர்களுக்கு இருந்தது. எனவே 1960இல், சான் ரெமோவுக்குச் சற்று முன்பாக, பந்தயத்தைக் கரையோரச் சாலையிலிருந்து விலக்கிப் பொஜ்ஜோ என்னும் குன்றின் மேல் ஏற்றினார்கள். மலர்ப் பண்ணைகளின் கண்ணாடிக் கூடங்கள் நிறைந்த குன்று அது. ஏற்றத்தின் நீளம் 3.7 கி.மீ.; சராசரிச் சரிவு 3.7 விழுக்காடு. உச்சியிலிருந்து எல்லைக்கோடு சுமார் 5.5 கி.மீ. தொலைவுதான். அடுத்த ஆண்டே பிரான்சின் ரேமோன் புலிதோர் அங்கே தாக்கி முன்னேறி வென்றார். வேடிக்கை என்னவென்றால், இத்தாலியர் ஒருவர் வெல்ல 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் மூன்று முறை வென்றுவிட்டார். பின்னர் அவரே அந்த எண்ணிக்கையை ஏழாக்கினார்.

வேகம் மேலும் வளர்ந்தது. 1982இல் பொஜ்ஜோவுக்கு முன்னால் சிப்ரெஸ்ஸா என்ற இன்னொரு குன்றும் சேர்க்கப்பட்டது. 5.6 கி.மீ. நீளம், 4.1 விழுக்காடு சரிவு. 2008இல் லே மானியே என்ற மூன்றாவது ஏற்றமும் வந்தது. சில ஆண்டுகளில் அது நீக்கப்பட்டது. நீக்கியதற்கும் பொருள் உண்டு. மலை அதிகமானால் மலையேறுவோர் மட்டுமே வெல்வர். குறைந்தால் பாய்ச்சல் வீரர் மட்டுமே வெல்வர். இரு தரப்புக்கும் நம்பிக்கை இருக்கும்போதுதான் அது பந்தயம். பொஜ்ஜோவின் சரிவு அந்த நடுநிலையில் நிற்கிறது. அண்மை ஆண்டுகளே சான்று. 2022இல் மத்தேய் மொகோரிச் பொஜ்ஜோவின் வளைந்த இறக்கத்தில் துணிந்து பாய்ந்து வென்றார். 2023இல் மத்யூ வான் டெர் பூல் ஏற்றத்திலேயே பிரிந்து சென்று வென்றார். 2024இல் யாஸ்பர் பிலிப்சன் கடைசிப் பாய்ச்சலில் வென்றார். அவ்வாண்டின் சராசரி வேகம் மணிக்கு 46 கி.மீ.க்கு மேல். முதல் பந்தயத்தின் வேகத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இயற்கை மட்டும் மாறவில்லை. 2013இல் துர்க்கினோவில் மீண்டும் பனி மூடியது. ஆனால் இம்முறை வீரர்களைப் பேருந்துகளில் ஏற்றி மலையைக் கடக்கச் செய்து, கரையோரத்தில் மீண்டும் பந்தயத்தைத் தொடங்கினார்கள். கிறிஸ்தோஃப் பட்ட துன்பத்தை இனி எவரும் பட வேண்டியதில்லை என்பது நல்ல மாற்றமே.

இன்னொரு செய்தியையும் அறிந்துகொள்ளுங்கள். இதே கரையில் ஓடிய பழைய இரயில் பாதை 2001இல் மலைக்குள் இடம் மாற்றப்பட்டது. கைவிடப்பட்ட தடத்தின் ஒரு பகுதி, ஒஸ்பெதலெத்தி முதல் சான் லொரென்சோ அல் மாரே வரை, இன்று 24 கி.மீ. நீளமுள்ள சைக்கிள் பாதையாகியிருக்கிறது. இரயிலால் செங்குத்தாக ஏற முடியாது; ஆகையால் அன்றைய பொறியாளர்கள் மலை முனைகளைக் குடைந்து சமமாகத் தடம் போட்டார்கள். அதன் பயனை இப்போது குழந்தைகளும் முதியவர்களும் அனுபவிக்கிறார்கள். குன்றின் மேலே பந்தய வீரர்கள் சரிவைத் தேடி ஏற, கீழே சாதாரண மக்கள் சரிவே இல்லாத பாதையில் கடலைப் பார்த்தபடி மிதித்துச் செல்கிறார்கள்.

அடுத்த முறை நீங்கள் ஒரு மேட்டில் மூச்சு வாங்க ஏறும்போது, உங்களைப் பின்னிழுக்கும் எடையைக் கணக்கிட்டுப் பாருங்கள். எதிர்க்காற்று வீசும் நாளில் நண்பர் ஒருவரை முன்னே போகச் சொல்லி, மூன்று, நான்கு அடி விட்டு எச்சரிக்கையோடு பின்தொடர்ந்து பாருங்கள். சிறிது தொலைவு சென்றதும் நீங்கள் முன்னே போய், அவருக்கும் அந்த உதவியைச் செய்யத் தவறாதீர்கள். மேட்டில் அவரவர் சுமை அவரவருக்கே. காற்றிலோ சுமையைப் பகிர்ந்துகொள்ளலாம்.