மேதையின் வாக்கும் மாட்டுப் பாலும்

சேலத்துக்கு ஒரு காலத்தில் குடிநீர் தந்த ஏரி பனமரத்துப்பட்டி ஏரி. அவ்வட்டாரத்தில் உழவும் கறவை மாடும் ஏழையின் இரு கைகள். அத்தகைய ஊர்களைக் கொண்ட நம் நாட்டில், பிள்ளையின் கழுத்தில் கட்டி கட்டியாக வீங்கினால் கண்டமாலை என்றனர், முன்வினை என்றனர், மந்திரித்துக் கயிறு கட்டினர். தொழுவத்தில் இளைத்து இருமிய பசுவை நோக்கினாரா? இல்லை!

எலும்புருக்கி நோய்க்குக் காரணம் வினையன்று, கிருமியே என்று 1882 மார்ச் 24-இல் பெர்லினில் மெய்ப்பித்தார் ராபர்ட் காக். உலகம் வியந்தது. அவரே 1901-இல் லண்டன் மாநாட்டில், மாட்டின் காசநோயால் மனிதருக்கு அஞ்சத்தக்க தீங்கில்லை என்றார். மேதை சொன்னார்; உலகம் தலையாட்டிற்றா? இல்லை. பிரிட்டன் ஆராய்ச்சிக் குழு அமைத்தது. பத்தாண்டுகள் சோதித்து, 1911-இல் முடிவுரைத்தது: மாட்டுக் கிருமி மனிதரையும் தாக்கும்; பால் வழியே குழந்தைகளைப் பெரிதும் தாக்கும். காக்கின் பெருமை குன்றவில்லை. அறிவின் பெருமை உயர்ந்தது.

நோயுற்ற மடியின் பால், காற்றோட்டமில்லாத் தொழுவத்தில் மாடு இருமும் காற்று — இவை கிருமியின் வழிகள். நிழலும் ஈரமும் உள்ள சாணத்திலும் மண்ணிலும் அது நெடுநாள் உயிர்வாழும். வெயில் பட்டால் மாளும். நோயுற்ற மனிதனிடமிருந்து மாட்டுக்கும் நோய் செல்வதுண்டு. பாதை இருவழிப் பாதை!

இது சீமைக் கதையன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 940 நோயாளிகளின் மாதிரிகளை ஆராய்ந்த முடிவு 2020-இல் வெளியாயிற்று. மாட்டுக்காசத்தின் கிருமி என உலகம் தேடிவந்த 'போவிஸ்' இனத்தின் நோய் அவற்றில் இல்லை. அதன் உறவான 'ஓரிஜிஸ்' எழுவரிடம் இருந்தது. அந்த ஓரிஜிஸ் சென்னை மாட்டிலும் கண்டறியப்பட்டதே. ஒரு கிருமியை மட்டும் தேடினால் மற்றொன்று தப்பிவிடும் என்பதே அது தந்த பாடம்.

பாலைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் நம் தாய்மார் தந்த காப்பு. கொதித்த பாலில் அக்கிருமி பிழைக்காது. ஆனால் புனிதம் என்ற பெயரால் பச்சைப் பாலைப் பருகச் சொல்வோர் இன்றும் உண்டு. கிருமிக்குப் புனிதம் தெரியுமா?

காக்கின் சொல்லையே சோதித்துப் பார்த்தது அறிவுலகம். மந்திரக்காரன் சொல்லைச் சோதியாது ஏற்பதோ? பாலைக் காய்ச்சுவோம், தொழுவத்தில் வெளிச்சம் புகச் செய்வோம், இருமும் மாட்டைக் கால்நடை மருத்துவரிடமும், இருமும் மனிதரை மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்வோம். கயிறு கட்டிய கழுத்துகள் போதும்!